கௌஸ் முகம்மதுவின் கோசோங்

லாரியின் ஹாரன் ஓய்வதற்குள் கௌஸ் முகம்மது வண்டிக் கதவருகே நிற்பார். டிரைவர் சொல்லி முடிக்கும் முன்பே கடையைப் பார்த்துக் குரல் போய்விடும். "தே காவ் ஒண்ணு! தே ஓ ரெண்டு!" உள்ளே அடுப்பில் நிற்கும் ஹஸ்னைனுக்கு இது அத்துப்படி. முதலாவது ஸ்ட்ராங் டீ. அடுத்தது பால் இல்லாத சுலைமானி. வளைகுடாவின் ஜெபல் அலி துறைமுகக் கிடங்குகளுக்கு நடுவே இப்படிக் கூவும் டீக்கடை இன்னொன்று இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

நாகூர்க்காரருக்கு இந்தப் பாஷை பினாங்கில் ஒட்டிக்கொண்டது. ஹொக்கியன் சீனர் ஒருவரின் காப்பிக் கடையில் ஒன்பது வருஷம் கூவியிருக்கிறார். சீனம் பேசுவீர்களா என்றால், "குடிக்கிற ஐட்டம் வரைக்கும் பேசுவேன். சண்டை போடத் தெரியாது" என்பார். பேனா, துண்டுச்சீட்டு கிடையாது. ஆட்களின் பெயரும் மனதில் நிற்காது. அவரவர் குடிப்பதுதான் பெயர். "ரெண்டு நாளா சுலைமானியக் காணோமே, லீவா?"

ஸ்டோர் கீப்பர் ரகுநாதன் வந்தால் மட்டும் குரல் ஒரு படி ஏறும். "தே கோசோங்!" கோசோங் என்றால் சீனி போடாதது. வித்தவுட் என்று கூவினால் கடை முழுக்கப் புரிந்துவிடுமே! அடுத்த மாதம் ரகுநாதனின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். "சுகர்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க பாய்" என்று ஒருநாள் அவர் காதைக் கடித்ததிலிருந்து இந்த ஏற்பாடு. பாவம், மூன்று பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. பயம் இருக்கத்தானே செய்யும். கிசுகிசுத்தால்தான் சந்தேகம் வரும் என்பது கௌஸின் கட்சி. "சத்தமாச் சொன்னா எவனும் என்னான்னு கேக்க மாட்டான் சார்."

போன வியாழக்கிழமை ஒருவர் கேட்டுவிட்டார். அதுவும் யார்? யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பலாம் என்று கம்பெனிக்கு எழுதும் சூப்பர்வைசர் ஷ்யாம்.

"அதென்ன பாய் கோசோங்? ரகுநாதனுக்கு மட்டும் ஸ்பெஷலா? எனக்கும் அதே போடுங்க."

ரகுநாதன் கிளாஸை வாயருகே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷ்யாம் ஒரு வாய் குடித்தால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும். கௌஸின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"தே கோசோங் இன்னொண்ணு!" என்று வழக்கத்தைவிட உரக்கவே கூவினார். ஹஸ்னைன் நீட்டிய கிளாஸை வாங்கிக்கொண்டு, ஷ்யாமுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மூன்று கரண்டி சீனி போட்டு, கரண்டி கண்ணாடியில் படாமல் கலக்கினார்.