மர நுனியிலிருந்து அரை சென்டிமீட்டர்

1974 மார்ச் 4, திங்கள். முடி நீளத்துக்காக வாசலில் நிறுத்தப்பட்ட மாணவிகள்: 38.
மார்ச் 11: 17.
மார்ச் 18: ஒருவரும் இல்லை.

வருகிறவரின் தலையைச் சாய்த்து, காது மடலின் கீழே மர அளவுகோலை வைத்த பிறகுதான் ஓக் புன்னம் வணக்கமே சொல்லுவாள். பள்ளி முடி நீள விதியை நீக்கி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. கேட்டால், "கை சும்மா இருக்காது, உக்காருங்க" என்பாள். தென் கொரியாவின் ஒரு சிற்றூரில், எங்கள் பெண்கள் பள்ளி வாசலுக்கு நேரெதிரே அவளுடைய முடிதிருத்தும் கடை. வயது எழுபத்தொன்று. தன் முடியை மட்டும் பஸ் ஏறிப் போய் அடுத்த ஊரில் வெட்டிக்கொள்வாள். "இந்தத் தெருவுல எனக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்ல." தெருவில் வேறு கடை கிடையாது.

அன்றைய விதி, முடி காதுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் வரைதான். பள்ளி ஒரே மாதிரி இரண்டு அளவுகோல் வாங்கியது. ரசீது என்னிடம் இருக்கிறது. ஒன்று வாசலில் நின்று அளக்கும் ப்யோ டீச்சருக்கு, மற்றது கடைக்கு. அந்த அளவுகோலில் பூஜ்யத்துக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் வெறும் மரம். புன்னம் பூஜ்யத்தை விட்டு மர நுனியைக் காதில் வைத்து, மூன்றில் வெட்டினாள். எட்டு வருடம் பள்ளி முழுவதும் மூன்றரை சென்டிமீட்டர். பள்ளி எழுத்தராக இருந்த நான் திங்கள்தோறும் 'மூன்று, சரி' என்று பதிந்தேன். வாசலில் எப்படித் தப்பினார்கள் என்று யோசிக்கவில்லை.

வரும் மார்ச்சில் பள்ளி, ஆண்கள் பள்ளியோடு சேர்கிறது. பெண்கள் பள்ளி என்ற பெயரில் கடைசியாக ஒரு வரலாற்று மலர் வருகிறது. தொகுப்பவன் நான். புன்னம் பார்லித் தேநீரோடு என் மேசைக்கு வந்தாள். "எனக்கு ஒரு வரி போடுங்க சார்." மலரில் ஒரு வரியின் நீளம் பத்து சென்டிமீட்டர் என்று அவளிடம் சொல்லி, பழைய மாணவிகள் குழுவிடம் கேட்டேன். சேர்க்கைப் பதிவேட்டிலோ சம்பளப் பதிவேட்டிலோ இல்லாதவர் பெயர் ஏறாது என்றார்கள். இரண்டையும் எழுதியவன் நானே. இரண்டிலும் அவள் இல்லை. அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

"அத்தனை பேர் தலையும் என் கையில இருந்துச்சு. இப்ப ஒரு வரிக்கு நான் தலைகீழா நிக்கணுமா?"

சான்று கேட்டு மாணவிகளுக்கு எழுதினேன். அறுபத்து மூன்று கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே புகழ்: அக்கா எங்களுக்கு அரை சென்டி கூடுதலாகக் கொடுத்தாள். அதுவே வினையாயிற்று. விதியை ஏமாற்றியவளுக்கு மலரில் இடமா என்று கேட்டார் குழுத் தலைவி. அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்தான். கடைசியில், வாசலில் நின்ற ப்யோ டீச்சர் சம்மதித்தால் சரி என்று முடிவானது. அவருக்கு எண்பத்தாறு வயது. சியோலில் மகள் வீட்டில் இருக்கிறார். மூன்று வாரம் பதில் இல்லை. புன்னம் தினமும் தபால்காரரை விசாரித்துவிட்டு, "டீச்சர் இன்னும் அளந்துட்டு இருக்காங்க போல" என்று கத்தரிக்கோலைத் துடைப்பாள்.

பிறகு வந்தது, ஐந்தே வரி. 'நான் கணக்கு டீச்சர். அளவுகோலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாதா? புன்னம் மர நுனியில் வைப்பதை இரண்டாவது வாரமே கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் முதல் நானும் அப்படியே வைத்தேன். அவள் பெயரைப் போடுங்கள்.'

அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கடையில் கொடுத்தேன். புன்னம் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை, அளவுகோலை எடுத்தாள். தன் வரியின் முதல் எழுத்தில் மர நுனியை வைத்து, கடைசி எழுத்து வரை விரலை ஓட்டினாள்.

"ஒன்பதரைதான் வருது. அரை சென்டி குறையுது, சார்."

ப்யோ டீச்சரின் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2023 நவம்பர் 27, திங்கள்.