மூடாத கண்ணோட செபிச்ச நாள்

அன்பான சகோதரங்களே, ஆண்டவர் என்ர வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இண்டைக்கு எழும்பி நிக்கிறன். எனக்கு நாலு பேருக்கு முன்னால கதைச்சுப் பழக்கமில்லை. பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருசம் குளிர் தொடங்கின நேரம். ஒருநாள் விடிய பல்லுத் தீட்டேக்க, தண்ணி வாயின்ர இடப்பக்கத்தால ஒழுகிச்சுது. கண்ணாடியைப் பாத்தன். இடப்பக்க முகம் தொங்கிப்போய்க் கிடந்தது. சிரிச்சுப் பாத்தன். பாதி முகம்தான் சிரிச்சது.

அப்ப நான் இந்த நாட்டில, மனுகாவில இருக்கிற ஒரு கல்லூரியில நேர்ஸிங் படிக்க இடம் கேட்டிருந்தன். இடம் கொஞ்சம், கேட்டவை கனபேர். முதல் ஆங்கிலப் பரீட்சை எழுதவேணும், பிறகு நேரில இருந்து ஆங்கிலத்தில கதைச்சுக் காட்டவேணும். அதுக்கு முந்தின வருசம் நான் அதில ஃபெயில். இரண்டாந்தரமும் தவறினால் திரும்பக் கேக்க ஏலாது. விரி எண்ட இடத்தில ஒரு களஞ்சியத்தில பெட்டி அடுக்கிற வேலை எனக்கு. இடைவேளையில சொல் பாடமாக்குவன், சமைச்சுக்கொண்டு கிராமர் சொல்லிப் பாப்பன். மன்னாரில முழுக்கத் தமிழில படிச்ச எனக்கு அது லேசான வேலையில்லை.

முகம் இழுத்தது பரீட்சைக்கு முந்தின கிழமை.

ஆஸ்பத்திரியில பாத்திட்டு, பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்புதான் வீங்கியிருக்கு எண்டினம். குளிசை தந்தினம். மெல்ல மாறுமாம். எப்ப எண்டு சொல்ல ஏலாதாம்.

நான் அழேல்லை. பயப்படவும் இல்லை. வீட்டை வந்து ‘பேஷன்ட்’ எண்டு சொல்லிப் பாத்தன். உதடு ஒட்டேல்லை, காத்துத்தான் வந்தது. புத்தகத்தை மூடி வைச்சிட்டுச் சோறு போட்டன். மகள் “மம், ஆர் யூ ஓகே?” எண்டு கேட்டாள். ஓம் எண்டு தலையாட்டினன். இடக்கண்ணால தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. அது அழுகையில்லை, இமை மூடாததால வந்த தண்ணி. முழங்காலில நிண்டால் ஒரு சொல்லும் வராது. ஆண்டவரில கோபம்கூட இல்லை. உள்ளுக்க ஒண்டுமே இல்லை.

வெள்ளிக்கிழமை மவுண்ட் ஆல்பர்ட்டில எங்கட செபக்கூட்டம். என்ர மனுசன் ஜெறோம்தான் காரில கொண்டுபோய் விட்டார். அவர் உள்ள வாறேல்லை. கடைசி யுத்தத்தில அவற்ர அண்ணை காணாமல் போன பிறகு அவர் செபிச்சதை நான் பாத்ததேயில்லை. காருக்குள்ள இருந்து ரேடியோ கேப்பார்.

எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு, தலையில கை வைச்சுச் செபிச்சீங்கள். நான் மனசுக்குள்ள ஒரே ஒரு வசனம்தான் சொன்னன்: “ஆண்டவரே, எனக்குக் கேக்கத் தெரியேல்லை. நீர் பாத்துச் செய்யும்.” நீங்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தீங்கள். என்ர இடக்கண்தான் மூடாதே. அந்தக் கண்ணால கண்டன். ஜெறோம் கதவடியில, தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில, முழங்காலில நிக்கிறார். அவற்ர உதடு அசையுது.

அப்பவும் எனக்கு ஒண்டும் பொங்கி வரேல்லை. கண்டன், அவ்வளவுதான்.

அடுத்தநாள் காலமை அவர் என்ர கிராமர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நான் சமைச்சுக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

“இரும். நான் கேக்கிறன், நீர் சொல்லும்.”

“வாய் வராதப்பா.”

“உதட்டை விரலால பிடிச்சுக்கொண்டு சொல்லும். ஆர் பாக்கினம்?”

அவற்ர ஆங்கிலம் என்ரயை விட மோசம். “இதில ‘வில்’, அதில ‘வுட்’. இரண்டும் ஒண்டுதானே?” எண்டார். இல்லை எண்டு அவருக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டுத்தான் எனக்கே அது வடிவா விளங்கினது.

எழுத்துப் பரீட்சை எழுதினன். கை சுகமாத்தானே இருந்தது. நேர்முகத்தில கேள்வி கேட்ட அம்மா என்ர முகத்தைப் பாத்திட்டு, “நாளை மாத்தித் தரவா?” எண்டு கேட்டா. எனக்கு ஒரு நிமிசம் ஆசை வந்தது. பிறகு வேண்டாம் எண்டன். உதட்டை விரலால பிடிச்சுக்கொண்டே கதைச்சன். கடைசியா அவ கேட்டா: “நோயாளி ஒருத்தருக்குக் கதைக்க ஏலாட்டில் என்ன செய்வீங்கள்?”

“ஐ வுட் வெயிட்,” எண்டன். காத்திருப்பன். “அவசரப்படுத்தமாட்டன். அவற்ர முகத்தைப் பாத்துக்கொண்டு பக்கத்தில இருப்பன்.” அது நான் பாடமாக்கின மறுமொழி இல்லை. அவ பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தா.

இடம் கிடைச்சிட்டுது எண்டு ஈமெயில் வரேக்க நான் வேலையில சாப்பிட்டுக்கொண்டிருந்தன். அழுகை வருமெண்டு பாத்தன். வரேல்லை. ஜெறோமுக்கு ஃபோன் எடுத்தன். “ஆண்டவருக்கு நன்றி” எண்டார் அவர். அவற்ர வாயால அதைக் கேட்டு எத்தினை காலம்.

அதுக்குப் பிறகு ஒரு பின்னேரம், தேத்தண்ணி சுடுதெண்டு யோசிக்காமல் ஊதினன். உதடு குவிஞ்சுது! கோப்பையை வைச்சிட்டு, குசினி நிலத்தில இருந்து விம்மி விம்மி அழுதன். மகள் ஓடிவந்து பயந்துபோய் நிண்டாள்.

இப்ப முதலாம் வருசம் படிக்கிறன். களைச்சால் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் கோணும். ஜெறோம் ஞாயிற்றுக்கிழமைகளில என்னோட கோயிலுக்கு வாறார். அண்ணையின்ர பேரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்துறார். நான் கேட்டது ஒரு வசனம். ஆண்டவர் தந்தது எவ்வளவு எண்டு பாருங்கோ.

இஞ்ச இருக்கிற ஆருக்காவது மனம் மரத்துப்போய்க் கிடந்தால், சகோதரங்களே, விசுவாசம் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. கண்ணீர் வரும்வரைக்கும் காத்திராதேங்கோ. மரத்த மனசோடயே போய் முழங்காலில நில்லுங்கோ. ஒண்டும் சொல்லத் தெரியாட்டில், தெரியேல்லை எண்டே சொல்லுங்கோ. ஆண்டவருக்கு அது போதும்.