வலது மூலையில் ஒரு கனம்

அன்று காலை என் மனைவி வாஷிங் மிஷினின் வலது மூலையில் பாதி உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். உள்ளே அவள் அம்மாவின் கெட்டிப் போர்வை. கனமான துணி போட்டால், பிழியும் நேரத்தில் அந்த மிஷின் தடதடவென்று ஆடும், நகரும், கடைசியில் நின்றுவிடும். அவள் அந்த மூலையில் ஏறி அமுக்கினால்தான் அடங்கிச் சுற்றும். அது எங்கள் வீட்டு வைத்தியம்.

"புதுசு ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்" என்றாள். குரலும் சேர்ந்து குலுங்கியது.

"நீ இருக்கிற வரைக்கும் எதுக்கு?"

சிரித்தாள். போர்வையைக் காயப்போடச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நல்ல மழை. அவள் ஏறிய பஸ் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது.

இனி நான் எழுதுவதை நம்பும்படி யாரையும் கேட்கப்போவதில்லை. பட்டப்பகலில், இன்னொரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது, என் கண்முன்னே நடந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவள் இறந்ததை அவள் அம்மாவிடம், என் அத்தையிடம், நான் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். இதயமும் பலவீனம். அதிர்ச்சியைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்தேன்.

அவருக்குத் தினமும் விரிப்பும் போர்வையும் மாற்றவேண்டும். மிஷினோ பிழிய மறுத்தது. நான் எவ்வளவு அமுக்கினாலும் முக்கும், முனகும், நின்றுவிடும். சொட்டச் சொட்ட எடுத்துக் கையால் முறுக்குவேன்.

"மாப்பிள்ளை, யார் முதல்ல போறதுன்னு அந்த மிஷினுக்கும் எனக்கும் போட்டி" என்பார் அத்தை. அடுத்த மூச்சிலேயே, "அவ போன் பண்ணாளா?"

"சிக்னல் இல்லாத இடம், அத்தை."

"எந்த ஊர்ல மூணு மாசமா சிக்னல் இல்ல?"

நான் துணி எடுக்கப் போவதுபோல் எழுந்துவிடுவேன்.

கடைசியில் மெக்கானிக்கை வரவழைத்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். காலியாக ஓட்டிப் பார்த்தார். சுற்றியது. நாலு சட்டை போட்டார். சுற்றியது. ஈரப் போர்வையைப் போட்டதும்... தட். தட். நின்றது.

"இது துவைக்கிற மிஷினா, குத்தாட்டம் போடுற மிஷினா சார்?"

தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றி ஊதினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு மிஷினின் மேல், சமன் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே குமிழி இடப்பக்கம் ஓடியது.

"வலது பக்கம் இறங்கியிருக்கு. இதான் விஷயம். மட்டம் இல்லாம கனத்தைச் சுத்தாது."

குனிந்து வலது பக்கக் காலைத் திருகி உயர்த்தினார். குமிழி நடுவுக்கு வந்தது. நிமிர்ந்தார். குமிழி மெதுவாக... இடப்பக்கம் போனது.

மறுபடி திருகினார். மறுபடி போனது.

மூன்றாம் முறை திருகி அது நடுவுக்கு வந்ததும், இரண்டு பேரும் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் தொடவில்லை. அது நகர்ந்தது.

"யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு சார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மூலையைப் பார்த்தேன். அவள் அமுக்கினால் சுற்றிய மிஷின். இப்போது அந்தக் கனத்தாலேயே சுற்றாமல் நிற்கிறது... அவளுக்கு அது தெரியாது. உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோயேன்" என்றேன். "நான் பார்த்துக்கறேன்."

தன்னைச் சொல்கிறேன் என்று நினைத்து மெக்கானிக் ஒதுங்கி நின்றார்.

டக்.

தகரம் நிமிரும் சத்தம். குமிழி நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

பட்டனை அழுத்தினார். போர்வை சுற்றியது. வேகம் ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை.

அப்போது உள்ளறையிலிருந்து குரல்.

"மாப்பிள்ளை..."

ஓடினேன்.

அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மெத்தையின் ஓரம் அமுங்கியிருந்தது.

அங்கே யாரும் இல்லை.

"அவ வந்ததை ஏன் சொல்லல?"

"யாரு... அத்தை?"

"எவ்வளவு கனமாயிட்டா..." என்றார். "துணியெல்லாம் தண்ணி."

விரிப்பைத் தொட்டேன். காய்ந்திருந்தது.

என் கண்ணெதிரே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"இனிமே சிக்னல் கதையெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை" என்றார் அத்தை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. அவருடைய இதயம் அன்று நிற்கவில்லை. அது நின்றுவிடுமோ என்றுதான் மூன்று மாதம் பயந்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஆற்றிலிருந்து அவளைக் கரையேற்றிய படகுக்காரரைத் தேடிப் போனேன். நன்றி சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

"ஒல்லிப் பொண்ணுதான்" என்றார் அவர். "ஆனா நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியல. படகு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. அப்படியொரு கனத்தை நான் பார்த்ததில்ல."

அத்தையால் தானாகப் புரளவும் முடியாது, நகரவும் முடியாது. காலையில் அவரைக் கட்டிலின் நடுவில் படுக்க வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்து பார்க்கும்போது, இன்றைக்கும், இன்னொருவருக்கு இடம்விட்டுச் சுவரோரம் ஒதுங்கிப் படுத்திருக்கிறார்.