சூடாக இருந்த சீட்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தொழிலுக்காக, நானும் மனைவியும் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய டீசல் வான் பார்க்கப் போனோம். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். சுட்டது. அந்த வானுக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான்.

"நீங்கள் வாறீங்கள் எண்டு ஸ்டார்ட் பண்ணி, ஏசியும் போட்டு வச்சனான்," என்றார் விற்றவர். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பதற்குள் மனைவி அவசரப்படுத்தினாள். "இஞ்சாருங்கோ, ராகுகாலம் தொடங்கப் போகுது. அதுக்கு முதல் காசைக் குடுத்து எடுங்கோ."

எடுத்துவிட்டோம். வெள்ளவத்தை வீட்டுக்கு வரும் வழியில் மூன்றாம் கியர் ஒரு தரம் தானாகக் கழன்றது. என் கைப்பிழை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, ஆறிப்போன எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. வெள்ளைப் புகை வீட்டு முன் ஒழுங்கையை மூடியது. கியர் போட்டால் நிற்கவேயில்லை.

"எஞ்சினும் கியர்பொக்ஸும் முடிஞ்சுது, அண்ணை," என்றார் வந்து பார்த்த மெக்கானிக்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது வான் பார்க்கக் கூப்பிட்டால், முதலில் சீட்டில் கை வைக்கிறேன். சுட்டால், ஆறும்வரை அங்கேயே காத்திருக்கிறேன். எல்லாம் மற்றவர்களுக்காகத்தான். எங்கள் வான், வாங்கிய அன்று பூசிய சந்தனத்தோடு ஒழுங்கையில் நிற்கிறது. அதன் சீட் எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது.