ஜப்பான் கோட்டைக்குப் புளிச்சோறு

ஜப்பானில் ஒரு கோட்டை இருக்கிறது. வெள்ளைவெளேரென்று ஆறடுக்குக் கோட்டை. அதைப் பார்க்கப் போக என்னென்ன வேண்டும் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்: புளிச்சோறு, மோர்மிளகாய், தைலம், ரப்பர் செருப்பு. இந்தப் பட்டியலைப் போட்டபோது நான் மரக்காணத்தில் நாலாம் வகுப்பு. இரண்டாயிரத்து ஆறு, தை பிறந்திருந்தது.

ஆரம்பித்தது அத்தைதான். அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டே வருஷத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஆரோவில் பக்கம் வயதான ஜப்பான் அம்மா ஒருவர் வீட்டில் சமைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பங்குனியில் ஊருக்குப் போகிறார், துணைக்கு அத்தையை அழைத்துப்போய் இரண்டு மாதம் வைத்திருந்து, கோட்டையும் தோட்டமும் காட்டப் போகிறார். கோட்டைப் படம் போட்ட காலண்டரையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வுடுவாங்களாம்" என்றாள் அத்தை.

"அப்ப கோயிலா?" என்றேன்.

"கோட்டைதான்டி. ஆறு மாடி ஏறணும். பெருமுக்கல் மலையே ஏறுனவ நானு, இது எம்மாத்திரம்?"

பெருமுக்கல் மலைக்குப் போனால் புளிச்சோறு கட்டுவோம். ஜப்பானுக்கும் அதையே கட்டுவதென்று முடிவாயிற்று. அங்கே தோட்டத்தில் வெள்ளை மணலைக் கோடுகோடாக வாரிவிட்டு, யாரையும் மிதிக்க விடமாட்டார்களாம், சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்களாம். உப்பளத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை.

"நானுந்தான் தினம் உப்பு வாரறேன். எவன் டிக்கெட் எடுத்து என்னைப் பாக்கறான்?"

தபாலில் பாஸ்போர்ட் வந்தது. ஒன்றுதான் வந்தது. உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். அத்தையுடன் நானும் போகிறேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லைதான். போகவில்லை என்றும் சொல்லவில்லையே.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன் உப்பளத்துக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். பள்ளிவிட்டு வந்து பூட்டைத் திறந்தால் வீட்டில் என் சத்தம் மட்டும் இருக்கும். கோழியிடம் பேசுவேன், அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை வருவாள். அந்த நேரத்துக்காகத்தான் பகல் முழுவதும் காத்துக்கொண்டிருப்பேன். அதுவும் இரண்டு மாதம் இல்லையென்றால்?

எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் ஊர்ப்பக்கம் உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். தரையில் வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். அத்தைக்கும் ஜப்பான் அம்மாவுக்கும் சண்டை வந்துவிட்டால் பயணம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை புது உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அத்தையோடு நானும் பஸ் ஏறினேன். அத்தை முறைப்படி பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். நான் அதைப் பிரித்து அவள் கையில் திணித்து, அந்த அம்மாவைக் கையேந்தும்படி சைகை காட்டினேன். அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டிவிட்டார்.

"நீயே போடு அத்தை" என்றேன்.

அத்தை என்னை ஒருதரம் பார்த்தாள். நீட்டிய கையை எப்படித் தட்டுவது? போட்டாள்.

அந்த அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். குனிந்து குனிந்து வணங்கினார். அவர் ஊரில் உப்பு வீட்டுக்கு நல்லதாம். வாசலின் இரண்டு பக்கமும் குட்டிக் கோபுரமாகக் குவித்து வைத்தார். அத்தைக்கு டீ போட்டுக் கொடுத்தார். இப்படியா சண்டை போடுவார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை கேட்டாள். "இன்னாத்துக்குடி அப்படிப் பண்ணே?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், கோழி உட்பட. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரே சிரித்தார். பிறகு மரக்காணம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம், போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா காரணம் கேட்டார், அம்மா கேட்டாள். "அவ்ளோ தூரம் எனக்கு ஒத்துக்காது" என்றாள். நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"சண்டை வந்துச்சா அத்தை?"

"வந்துச்சுடி. பெரிய சண்டை."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜப்பான் அம்மா பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த பிறகும் அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் வீடு திறந்தே கிடந்தது. அத்தை சீப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைவாரி, பின்னி, பிரித்து, மறுபடியும் பின்னினாள். ஊரிலேயே என்னைப்போல் கொடுத்துவைத்தவள் இல்லை என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். வேலைக்குப் போகும் அத்தை எதற்காகப் பட்டப்பகலில் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.