சேகா பாயின் கடைசி கேசட்

அத்தாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது ஒரு செல்போனில் பற்றவைப்பு வேலை. அவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலோடு மேசையில் குனிந்திருந்தார். நான் சுவரோரம் பிளக்கைப் பிடித்தபடி இருந்தேன்.

"உருவு."

உருவினேன். சூடு ஆறுவதற்குள் வைத்து எடுத்தார். எங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. பிளக் மாட்டியிருந்தால் பற்றுக்கோலின் நுனியில் மின்சாரம் கசிந்து சிப்பைக் கெடுத்துவிடும். உருவச் சொல்லித் தந்தது நான்தான், இன்ஜினியரிங் படித்தபோது.

"இம்புட்டுப் படிச்சும் பிளக்கு உருவத்தான் லாயக்கு," என்று சிரித்தார்.

மறுநாள் காலை மௌத்தானார். மாரடைப்பு.

என் தகப்பனார் பெயர் ஹனிபா. எங்கள் செக்காலை வட்டாரத்தில் எல்லோருக்கும் சேகா பாய். துபாயில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் விளையாட்டுப் பெட்டிகளோடு காரைக்குடி திரும்பினார். டிவி முன் பெஞ்சு போட்டு வீடியோ கேம் கடை வைத்தார். வளையம் பொறுக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டில் அவருக்கு முதல் கட்டமே தாண்டாது. "பாய், நீங்க கல்லாவுலயே இருங்க," என்பார்கள் விளையாட வந்தவர்கள். 2001இல் சேகா பெட்டி தயாரிப்பதைக் கைவிட்டு, மற்றவர்களின் பெட்டிகளுக்கு விளையாட்டு மட்டும் செய்யத் தொடங்கியது. அத்தா செல்போன் பழுதுபார்க்கத் தொடங்கினார். ஆனாலும் பழைய கேம் கேசட் எது வந்தாலும் போன்கள் காத்திருக்கும்.

கடைசியாக வந்தது தேவகோட்டை சாலாக்காவின் கேசட். அவர் தம்பி குமரப்பன் கல்லூரிக் காலத்தில் பைக் விபத்தில் இறந்தவன். அவன் பாதியில் விட்ட ஆட்டம் அதில் இருந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரிதான் அதைக் காப்பாற்றுகிறது. பேட்டரி செத்தால் ஆட்டம் அழிந்துவிடும். புதியது வாங்கி வைத்திருந்தார் அத்தா. மாற்றுவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு சாலாக்கா போன் செய்தார்.

"பாய் இருக்காகளா?"

"அத்தா தவறிட்டாகக்கா. நான் மக, பர்வீன்."

கேசட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

போனை வைத்துவிட்டு, கேசட்டைத் திறந்து பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 2.1 வோல்ட். இரண்டுக்குக் கீழே போனால் ஆட்டம் தங்குமென்று நம்ப முடியாது.

வீடு நிறைய உறவுக்காரர்கள். கணவனை இழந்து இத்தா காலத் தனிமையில் இருந்த அம்மா உள்ளறையிலிருந்து வந்தார்.

"மௌத்தான வீட்டுல ஈயப்பொகையா? ஒன் மாமி என்ன சொல்லுவா?"

"இன்னைக்கு விட்டா போயிரும்மா."

"என்னடி போயிரும்?"

"சாலாக்காவோட தம்பி."

அம்மா பிளக் பக்கம் போய் உட்கார்ந்தார்.

பழையதை முதலில் எடுக்கக் கூடாது. புதியதை இரண்டு வயரில் பக்கத்தில் இணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் வயர் பிடித்தது. இரண்டாவதில் பற்றுக்கோலின் நுனி ஆறிவிட்டது. ஈயம் உருகாமல் கட்டியாக நின்றது.

"சொருகவா?"

"தொடாதம்மா! நுனி இன்னும் போர்டுலதான் இருக்கு!"

பற்றுக்கோலை விலக்கினேன். வயரும் கூடவே வந்துவிட்டது. நல்லவேளை, வேறெதிலும் படவில்லை. மறுபடி சூடேற்றினோம்.

"உருவும்மா."

பிடித்தது. பழைய பேட்டரியின் காலை வெட்டினேன். மீட்டர் மூன்று காட்டியது. ஆட்டம் உள்ளே இருக்கிறதா என்று மீட்டருக்குத் தெரியாது.

கேசட்டைப் பெட்டியில் போட்டேன். நீல எழுத்தில் சேகா வந்தது. அம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சேமித்த ஆட்டங்களின் பட்டியல். முதல் வரிசையில் ஆங்கிலத்தில், சுருக்கமாகக் குமார். மற்ற இரண்டும் காலி. எந்தப் பொத்தானையும் நான் தொடவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இருந்தான்.

சாலாக்காவுக்குச் சொன்னேன். அழுதார். மூக்கை உறிஞ்சிவிட்டு, "எங்ககிட்ட அந்தப் பெட்டி இல்லையேம்மா. பாய்தான் தானே கொண்டாந்து, எங்க வீட்டு டிவியில மாட்டிக் காட்டுறேன்னாக," என்றார்.

அத்தா என்னிடம் அதைச் சொல்லவில்லை. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.