கம்பசுக்குப் பேசப்போன நாள்

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் எவர் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளப் பிள்ளை வீடு தேடி வந்து, "அம்மா, எங்கடை மாணவரோடை நீங்கள் வந்து கதைக்கவேணும்" என்று கேட்டபோதும் உடனே தலையாட்டவில்லை. ஆறுதலாக யோசித்துத்தான் ஓம் என்றேன்.

எங்கள் கரைப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்போம். அதுதான் எங்கள் சோறு. அந்தக் கடலைக் கடலட்டைப் பண்ணைக்காரர் வேலி போட்டு அடைத்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சிக் கிடந்த துண்டுக்கும் திங்கட்கிழமை வேலித் தடி நடப்போகிறார்கள் என்று கேள்வி. படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப்பேர் எங்களோடு தண்ணீரில் வந்து நின்றால் பண்ணைக்காரர் பயப்படுவார்கள். அதைக் கேட்கத்தான் கரைப் பெண்கள் சங்கத்திலிருந்து மூன்றுபேர் போனோம்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி, "திங்கட்கிழமை வாருங்கோ பிள்ளையள்" என்று கேட்டேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை.

"ஆச்சி, அப்பா அந்தப் பண்ணையிலைதான் வேலை செய்யிறார். அந்தச் சம்பளம் இல்லாட்டி நான் இங்கை படிக்கேலாது. வேலி வேண்டாமெண்டு சொல்லுறியளோ?"

பக்கத்திலிருந்த எங்கள் சங்கத்துக்காரி என் காதுக்குள், "இவளுக்குக் கம்பஸ் கிடைச்சதெண்டு கரையெல்லாம் கற்கண்டு குடுத்துத் திரிஞ்சனீ, இப்ப வாங்கிக் கட்டு" என்றாள்.

"நீ படிக்கத்தான் வேணும் மோனை" என்றேன். "ஆனால் அந்தத் துண்டையும் அடைச்சா நான் எங்கை இறங்குறது? அதைச் சொல்லு."

அவள் அழுதுகொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். விரிவுரையாளப் பிள்ளை, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றது. தேத்தண்ணி நேரம் பிள்ளைகள் எங்களோடு நின்று படம் எடுத்தார்கள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் மூவருந்தான் தண்ணீரில் நின்றோம். தோளில் தடியோடு முதலில் இறங்கி வந்தவன் அந்தப் பிள்ளையின் தகப்பன்.

"மாமி, விலகுங்கோ. என்ரை வேலை போயிடும்."

"விலகமாட்டன். நீ செய்யிறதைச் செய்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த தடியை நட்டான். நான் நின்ற இடம் வேலிக்கு உள்ளே போய்விட்டது.